"முன் பிரேக்கப் பிடிக்காத" என்ற புத்தி எங்கிருந்து வந்தது?



எமது ஊர்களில் மோட்டார் சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லப்படும் புத்தி ஒன்று இருக்கிறது. "முன் பிரேக்கப் பிடிக்காத, தூக்கி எறிஞ்சிடும்." வாப்பா சொல்வார், சாச்சா சொல்வார், பழக்கிவிடுகிற நாநாவும் அதையே சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்த நாம், இருபது முப்பது வருடங்கள் ஓடிய பின்னரும் வலது கை லிவரைப் பெயருக்குத்தான் தொடுகிறோம். நிறுத்தும் வேலை முழுவதையும் வலது காலுக்கே விட்டுவிடுகிறோம்.

அதேநேரம் இன்னொன்றும் நடக்கிறது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த சைக்கிளையே பழுதுபார்த்து ஓடவேண்டிய நிலை. புதிதாக ஒன்று வாங்க முடியாவிட்டாலும் இருப்பதையாவது கொஞ்சம் நல்லதாக்குவோம் என்று கராஜுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "முன்னுக்கு டிஸ்க் போடலாமா? பெரிய டிஸ்க் ஏத்தலாமா?" என்பது.

எந்தப் பிரேக்கைப் பிடிக்கப் பயப்படுகிறோமோ அதே பிரேக்குக்குத்தான் காசையும் செலவழிக்கிறோம். இது ஏன் இப்படி ஆனது என்று பார்க்க வேண்டுமானால், முன் பிரேக் கடந்து வந்த நூறு வருடக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். பதிவு நீளமானது. பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுக்க யோசிக்கும் பெற்றோர் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

மோட்டார் சைக்கிள், மிதிக்கும் சைக்கிளில் இருந்து பிறந்தது. 1900களின் தொடக்கத்தில் சைக்கிள் சட்டத்தில் ஒரு சிறிய எஞ்சினைப் பூட்டி ஓடினார்கள். பிரேக்கும் சைக்கிள் பிரேக்தான். எமது வீடுகளில் முன்பு நின்ற றலி சைக்கிளை நினைத்துப் பாருங்கள். லிவரை அழுத்தினால் ஒரு கம்பி மேலே இழுக்கும், இரண்டு றப்பர் கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தில் போய் உரசும். அன்றைய மோட்டார் சைக்கிள்களின் முன் பிரேக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. மழையில் நனைந்தால் சுத்தமாகப் பிடிக்காது.

வீதிகளும் அப்படித்தான். நாட்டுப்புறத்தில் கிறவலும் புழுதியும், நகரத்தில் குதிரைச் சாணமும் ட்ராம் தண்டவாளமும். ரயர்களோ ஒடுக்கமானவை. அப்படிப்பட்ட வீதியில் முன் சில்லு இறுகி வழுக்கினால் ஓடுபவர் நிச்சயம் விழுவார். பின் சில்லு வழுக்கினால் கொஞ்சம் ஆடிவிட்டு நேராகிவிடலாம். அதனால் முன் பிரேக்கை நம்பாமல் இருப்பதுதான் அன்றைக்குப் புத்திசாலித்தனமாக இருந்தது.

ஓடியவர்கள் மட்டுமல்ல, செய்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தொடங்கப்பட்டது 1903இல். அவர்களுடைய மோட்டார் சைக்கிளுக்கு முன் பிரேக் வந்தது 1928ஆம் ஆண்டு மொடலில். இருபத்தைந்து வருடங்கள் உலகின் பெரிய கம்பனிகளில் ஒன்று முன் பிரேக்கே இல்லாமல் சைக்கிள் விற்றது.

ஆனால் ஒரு விடயம் அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. அதை வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறோம். அக்கரைப்பற்றில் இருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் அடிக்கிறார். எல்லாரும் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்பக்கம். மோட்டார் சைக்கிளிலும் அதுதான் நடக்கிறது. வேகம் குறையும்போது ஓடுபவரின் பாரமும் சைக்கிளின் பாரமும் முன் சில்லை நோக்கி நகர்கின்றன. முன் ரயர் வீதியில் நன்றாக அழுந்துகிறது, பின் ரயரின் பிடி தளர்கிறது. அழுந்தி நிற்கும் ரயருக்குத்தான் நிறுத்தும் சக்தி இருக்கும். நல்ல வீதியில் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்யக்கூடியது முன் சில்லுதான். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால், பாரம் இல்லாத சில்லு சீக்கிரம் இறுகி இழுபடும்.

இதை உணர்ந்த பொறியியலாளர்கள் முன் பிரேக்கை நம்பத்தக்கதாக ஆக்க ஐம்பது வருடங்கள் பாடுபட்டார்கள்.

முதல் பெரிய படி ட்ரம் பிரேக். பிரான்ஸின் லூயி ரெனோ 1902இல் இதைக் காருக்காகச் செய்தார். 1920களில் மோட்டார் சைக்கிளின் முன் சில்லுக்கும் அது வந்தது. எமக்கு நன்கு பழக்கமான பிரேக் இது. சில்லின் நடுவில் உருண்டையான ட்ரம், அதற்குள் இரண்டு பிரேக் சூ. கேபிள் இழுபட, சூ இரண்டும் விரிந்து ட்ரம்மின் உட்சுவரில் உரசும். மூடி இருப்பதால் மழையும் சேறும் அவ்வளவாக உள்ளே போகாது. சில்லு சுற்றும் திசை ஒரு சூவைத் தானாகவே உள்ளே இழுத்து அழுத்துவதால் கைக்கு வேலை குறைவு. பின்னர் வேகமான சைக்கிள்களுக்கு இரண்டு சூவும் அப்படி இழுபடும் வகையும் வந்தது.

ஆனால் ட்ரம்முக்கு ஒரு பலவீனம் உண்டு, அது சூடு. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. மூடிய ட்ரம்முக்குள் அந்தச் சூடு வெளியேற வழி குறைவு. சூடேறினால் ட்ரம் விரியும். விரிந்தால் சுவர் சூவை விட்டு விலகும், லைனரின் உரசலும் குறையும். கண்டியில் இருந்து மஹியங்கனைக்குப் பதினெட்டு வளைவால் இறங்கியவர்களுக்கு இது தெரியும். மேலே நன்றாகப் பிடித்த பிரேக், கீழே வரும்போது லிவர் கைப்பிடியைத் தொடும் வரை போகும்.

இதற்குத் தீர்வு டிஸ்க். சில்லோடு சேர்ந்து சுற்றும் ஒரு தட்டை இரண்டு பக்கமும் பேட் வைத்து நெரித்துப் பிடிப்பது. தட்டு வெளியில் இருப்பதால் காற்றுப்பட்டு ஆறும். சூடேறித் தடித்தாலும் பேட்டை நோக்கித்தான் தடிக்கும், விலகாது. யோசனை புதியதல்ல. இங்கிலாந்தின் பிரெட்ரிக் லாஞ்செஸ்டர் 1902இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் உலோகம் உலோகத்தில் உரசி எழுந்த சத்தமும் தேய்மானமும் அதை ஓரங்கட்டின. அரை நூற்றாண்டு கழித்து, 1953இல் பிரான்ஸின் லு மான் 24 மணிநேர ஓட்டப் போட்டியில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. அதன் பின்னர்தான் கார் உலகம் திரும்பிப் பார்த்தது.

இரு சில்லு வாகனத்தில் முன் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒரு ஸ்கூட்டர் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இத்தாலியின் லாம்பிரெட்டா டி.வி. 175, 1962இல். அதுவும் கேபிளால் இயங்கியது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் முன் டிஸ்க்கைப் பெருமளவில் உலகுக்குக் கொண்டுபோனது 1969இல் சந்தைக்கு வந்த ஹொண்டா சி.பி. 750. நான்கு சிலிண்டர், 736 சி.சி., 67 குதிரைவலு. அந்த வேகத்தை ட்ரம்மால் அடக்குவதா, இன்னும் முழுதாகச் சோதித்து முடியாத டிஸ்க்கைப் போடுவதா என்ற கேள்வி கம்பனிக்குள் எழுந்தது. தலைவர் சோய்ச்சிரோ ஹொண்டா டிஸ்க் பக்கம் நின்றார்.

அதன் பிறகு மாற்றம் வேகமாக நடந்தது. சுசுகி தனது ஜி.டி. 750ஐ முதலில் விற்றபோது, முன்னுக்கு நான்கு சூ கொண்ட பெரிய ட்ரம் இருந்தது. ட்ரம் பிரேக்கின் உச்சம் என்று சொல்லக்கூடியது அது. 1973 மொடலில் அதை அப்படியே கழற்றிவிட்டு இரண்டு டிஸ்க் பூட்டினார்கள்.

டிஸ்க்கும் குறையில்லாமல் வரவில்லை. 1970களின் டிஸ்க்குகள் பல துருப்பிடிக்காத இரும்பால் ஆனவை, பார்க்க அழகானவை. ஆனால் மழையில் லிவரைப் பிடித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. தண்ணீர் வழிந்து பேட் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், பிறகு திடீரென்று பிடிக்கும். தட்டில் துளைகள் இட்டும், உலோகத்தூளை அழுத்திச் செய்த பேட்களைப் போட்டும் இந்தக் குறையை மெல்ல மெல்லத் தீர்த்தார்கள். 1988இல் பி.எம்.டபிள்யூ. தனது கே 100இல் ஏ.பி.எஸ்.ஸைக் கொண்டுவந்தபோது, சில்லு இறுகி வழுக்கும் பயத்துக்கும் மருந்து கிடைத்தது.

இனி எமது பக்கம் வருவோம். எமது வாப்பாமார் ஓடியது ஹொண்டா 50, எம்.டி. 90, சி.டி. 125, சி.டி. 200 போன்றவை. எம்.டி. 90 ஜப்பானில் தபால் விநியோகத்துக்காகச் செய்யப்பட்ட சைக்கிள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இவை எல்லாவற்றிலும் முன்னுக்கு ட்ரம்தான். ஓடியது கிறவல் வீதியில், வயல் வரம்பில், கடற்கரை மணல் பரந்த ஒழுங்கைகளில். வேகமும் குறைவு. அந்த மண்ணில் முன் பிரேக்கைப் பிடித்தால் விழுத்தும் என்பது அனுபவத்தில் வந்த உண்மை. எங்கள் பெரியவர்கள் பிழையாகச் சொல்லித் தரவில்லை, தாங்கள் ஓடிய வீதிக்கு ஏற்றதைச் சொல்லித் தந்தார்கள்.

பிறகு இரண்டு விடயங்கள் மாறின. ஒன்று சைக்கிள். இந்தியாவில் 1999இல் சி.பி.இசட்டும், 2001இல் பல்சர் 180உம் வந்த பிறகு முன் டிஸ்க் என்பது சாதாரண ஆள் வாங்கக்கூடிய பொருளாகியது. அந்த வகைச் சைக்கிள்கள் இங்கும் வந்தன. மற்றையது வீதி. யுத்தம் முடிந்த பின்னர் எமது பிரதான வீதிகள் காபட் வீதிகளாகின. முப்பதில் ஓடிய இடத்தில் இன்று அறுபதில், எண்பதில் போகிறோம். புத்தி மட்டும் கிறவல் வீதியிலேயே நின்றுவிட்டது.

இது எமக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவில் ஹரி ஹேர்ட் என்பவரின் தலைமையில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் கண்ட ஒரு விடயம் இது. ஆபத்தைக் கண்ட பெரும்பாலானோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சில்லை இழுபட வைத்தார்கள், முன் பிரேக்கைப் போதுமானளவு பிடிக்கவில்லை. ஆபத்தைக் கண்டதில் இருந்து மோதும் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் வழமையாக இரண்டு செக்கனுக்கும் குறைவு.

ஒரு சின்னக் கணக்குச் செய்வோம். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 16.7 மீற்றர். காய்ந்த வீதியில் பின் பிரேக்கை மட்டும் பிடித்தால், வேகம் செக்கனுக்கு 3.5 மீற்றர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்க ஏறத்தாழ 40 மீற்றர் வேண்டும். இரண்டையும் சரியாகப் பிடித்து அதை 7 ஆக்கினால் 20 மீற்றரில் நின்றுவிடலாம். இப்போது இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பிரேக்கும் பிடித்தவர் முழுதாக நின்றுவிட்ட அந்த 20ஆவது மீற்றரில், பின் பிரேக்கை மட்டும் மிதித்தவரின் வேகம் இன்னும் மணிக்கு 42 கிலோமீற்றர். அந்த இடத்தில் பாடசாலை விட்டு வீதியைக் கடக்கும் ஒரு பிள்ளை நின்றால் என்ன ஆகும் என்று நாம் எழுதத் தேவையில்லை.

சட்டம் எழுதுபவர்களும் இந்தப் பழக்கத்தை விளங்கிக்கொண்டார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய சைக்கிள்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகியது. 125 சி.சி. வரையானவற்றுக்கு இரண்டு பிரேக்கையும் இணைக்கும் முறையாவது இருக்க வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. இந்த இணைப்பு முறையில் பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கூடவே பிடிக்கும். ஓடுபவர் முன் பிரேக்கைப் பிடிக்கமாட்டார் என்று தெரிந்தே செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் எமது முற்றத்தில் நிற்கும் பல சைக்கிள்கள் இதற்கு முந்தியவை. அவற்றில் இந்த உதவி இல்லை.

சரி, முன் பிரேக்கை மேம்படுத்த நினைப்பவர்கள் என்ன செய்யலாம்? வரலாற்றில் இருந்தே சில பாடங்கள்.

முதலாவது, இருப்பதைச் சரியாக்குங்கள். ட்ரம் பிரேக் உள்ளவர்கள் தேய்ந்த சூவையும் பழைய கேபிளையும் மாற்றி, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, லிவரின் இடைவெளியைச் சரிசெய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். எமது ஊர் வேகத்துக்கு ஒரு நல்ல ட்ரம் போதுமானது. ட்ரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூளை வாயாலோ கொம்பிரசராலோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருந்தது, அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடையுங்கள். கராஜில் வேலை பழகும் தம்பிமாருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாவது, டிஸ்க் உள்ளவர்கள் பிரேக் ஒயிலைப் பாருங்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின்னர் அந்த அளவு 155 ஆக இறங்குகிறது. ஒயில் கொதித்தால் குமிழி வரும், லிவர் பஞ்சு போல அமுங்கும், பிரேக் பிடிக்காது. கடற்கரைக் காற்று வீசும் எமது ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். எஞ்சின் ஒயிலை அதற்குள் ஊற்றவே கூடாது, உள்ளே இருக்கும் றப்பர் சீல் ஊதிப் பழுதாகிவிடும்.

மூன்றாவது, நல்ல பேட். விலை மலிவான போலிப் பேட்டில் மிச்சம் பிடிக்கும் காசு வைத்தியசாலைக்குப் போகும் காசு. புதிய பேட் போட்டவுடன் முழுப் பலத்தில் பிடிக்காமல், சில நாட்கள் மிதமாகப் பிடித்துப் படிய விடுங்கள். பழைய றப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் மாற்றுங்கள். இரும்பு நூல் பின்னிய ஹோஸ் போட்டால், அழுத்தும்போது ஹோஸ் ஊதி வீணாகும் பலம் பேட்டுக்குப் போகும்.

நான்காவது, பெரிய டிஸ்க். 240 மில்லிமீற்றர் தட்டை 260 ஆக மாற்றினால் கிடைப்பது ஏறத்தாழ 8 சதவீத மேலதிகப் பலம். அவ்வளவுதான். மாஸ்டர் சிலிண்டரைக் கண்டபடி மாற்றாதீர்கள். 14 மில்லிமீற்றர் பிஸ்டனுக்குப் பதிலாக 12.7 போட்டால் அதே கைப்பலத்துக்கு அழுத்தம் சுமார் 21 சதவீதம் கூடும். ஆனால் லிவர் அதிக தூரம் போகும். பெரியது போட்டால் லிவர் கல் மாதிரி இறுகி, பிரேக் குறையும். கலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தியே வேலை செய்கின்றன.

ஐந்தாவது, ட்ரம் சைக்கிளுக்கு டிஸ்க் ஏற்றுவது. இது டிஸ்க்கை மட்டும் பூட்டும் வேலை அல்ல. கலிப்பர் பிடிக்கும் முன் போர்க், டிஸ்க் பூட்டும் சில்லு, மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் என்று முன்பக்கம் முழுவதும் மாறும். ஒரே மொடலின் ட்ரம் வகையும் டிஸ்க் வகையும் கம்பனியாலேயே வந்திருந்தால், அந்தச் சாமான்களைக் கொண்டு செய்யலாம். அப்படி இல்லாத சைக்கிளுக்கு, கலிப்பர் பிடிக்க ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் செய்து ஒட்டுவது உயிரோடு விளையாடுவது. முழுப் பலத்தில் பிரேக் பிடிக்கும் அந்த நேரத்தில்தான் அந்த வெல்டிங் விடும்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகும் ரயர் மொட்டையாக இருந்தால் பயனில்லை. கடைசியில் வீதியைப் பிடிப்பது ரயர்தான்.

இனிப் பழக்கம். முன் பிரேக் விழுத்துவது பெரும்பாலும் திடீரென்று பறித்துப் பிடிக்கும்போதுதான். முதலில் மெதுவாகத் தொட்டு, பாரம் முன்னுக்கு வர ஒரு கணம் கொடுத்து, பிறகு படிப்படியாக இறுக்க வேண்டும். சைக்கிள் நேராக இருக்க வேண்டும், வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது இறுக்கக் கூடாது. வீதியில் மணல், காயப்போட்ட நெல், வைக்கோல், மழையின் முதல் தூறல் இருந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து இரண்டையும் மென்மையாகப் பிடிக்க வேண்டும். அந்த இடங்களில் பெரியவர்களின் எச்சரிக்கை இன்றும் சரிதான்.

ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு லைசன்ஸ் கிடைத்தவுடன் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். ஆளில்லாத மைதானத்திலோ காலை நேரத்து வெறும் வீதியிலோ ஹெல்மட்டோடு கூட்டிப் போய், மணிக்கு 20இல் தொடங்கி, பிறகு 30இல், பிறகு 40இல் இரண்டு பிரேக்கும் பிடித்து நிற்கப் பழக்குங்கள். நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். பிறகு பின் பிரேக்கை மட்டும் பிடித்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு கல்லுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பிள்ளையே காலடியால் அளக்கட்டும். டிஸ்க் போடக் காசு சேர்க்கும் தம்பிமாரும், எமது வயதில் உள்ளவர்களும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அரை மணித்தியாலமும் கொஞ்சம் பெற்றோலும் போதும்.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்கள் இந்தப் பதிவில் சேர்க்க வேண்டியதைக் கீழே எழுதுங்கள். எந்த மொடலுக்கு எந்தச் சாமான் சரியாகப் பொருந்துகிறது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.